இற்செறிப்பும் பி.டி. பீரியடும்

நற்றிணை 68ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது, உரைகள் சொல்வதைத்தான் நானும் முதலில் சொல்வேன். பிரான் சாத்தனார் பாடியது, குறிஞ்சித்திணை. தலைவன் மறைவில் நிற்கிறான். தலைவி இற்செறிக்கப்பட்டிருப்பதை அவன் காதில் விழும்படி தோழி சொல்கிறாள். அவன் விரைந்து மணம் பேசி வரவேண்டும், அதற்காக. தேர்வில் இந்த விடைக்கு முழு மதிப்பெண் உண்டு.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "மேம், இதுல அவ கல்யாணத்தக் கேக்கவே இல்லையே. வெளிய விடச் சொல்லித்தானே கேக்குறா" என்றாள். பாடலைத் திரும்பப் படித்தேன். இளம்பெண்கள் தோழியரோடு ஓரை ஆடாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது அறமும் அன்று, அதனால் செல்வமும் தேயும் என்று அம்மாவிடம் பணிவாக எடுத்துச் சொல்ல ஒருவர் கிடைத்தால், பொங்கி வரும் புதுவெள்ளத்தில் மனம் நிறைய ஆடலாம். ஆனால் அம்மா 'போ' என்று விடுவாளா? தோழியின் பேச்சு இவ்வளவுதான். மணம் என்ற பொருளை முன்னே கொண்டுவந்து வைத்தது துறைக்குறிப்பு. அப்பொருள் குறிப்பாக வருவதை நான் மறுக்கவில்லை. விளையாட்டை வெறும் சாக்காக வாசிப்பதைத்தான் மறுக்கிறேன்.

நம் இலக்கியமே இந்த வாசிப்புக்கு நம்மைப் பழக்கியிருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்ப் புனிதவதியைச் சேக்கிழார் சிறுமியாக மணலில் விளையாடவிடுகிறார். பிறகு அவள் அழகு நிரம்புகிறது, வீடு தாண்டாத பருவம் வருகிறது, மகட்பேச்சு தொடங்குகிறது. மூன்றும் ஒரே பாட்டில். உடலின் வனப்பை உதறிப் பேயுரு கொண்ட பின்னர்தான் காரைக்கால் அம்மையாருக்கு நெடுவழி திறந்தது. கயிலைக்குத் தலையால் நடந்து ஏறினார். பிள்ளைத்தமிழிலோ ஆண்குழந்தைக்குச் சிற்றில் பருவம் என்றால், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைப்பது. சிதைக்காதே என்று கெஞ்சுவது சிறுமியர் பங்கு.

நான் பள்ளியில் தாவணிக்கு மாறிய ஆண்டு, பி.டி. பீரியடில் பையன்களுக்குப் பந்து கிடைத்தது, எங்களுக்குப் படிக்கட்டு. தேர்வு நெருங்கினால் அந்தப் பீரியடையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். யாரும் வருந்தியதில்லை. இன்றைய மாணவிகளும் பள்ளி விளையாட்டைப் பற்றிக் கேட்டால் "புடிக்காது மேம்" என்றுதான் தொடங்குகிறார்கள். கொஞ்சம் பேசவிட்டால் வேறு விஷயங்கள் வெளியே வரும்: வியர்த்த சட்டையோடு மாலை வரை உட்கார்ந்திருப்பது, மாதவிடாய் நாளில் தண்ணீர் வராத கழிப்பறை, ஓடும்போது மார்பைப் பார்க்கும் கண்கள். இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் 'புடிக்காது'. அதைப் பெண்பிள்ளைகளின் சோம்பல் என்று எழுதிவிடுகிறோம். 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில், தினம் ஒரு மணிநேர உடலியக்கம்கூட இல்லாத பெண்கள் 85 விழுக்காடு, ஆண்கள் 78 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கு. பையன்களும் ஓடவில்லைதான். ஆனால் அவர்களை யாரும் படிக்கட்டில் உட்காரவைக்கவில்லை.

'கனா' (2018) திரைப்படத்தில் கௌசல்யாவை மைதானத்தில் பார்த்து நானும் கைதட்டினேன். ஆனால் அவள் விளையாட, அப்பாவின் கண்ணீரும் நாட்டின் வெற்றியும் வேண்டியிருந்தன. வெல்லாத பெண்ணுக்கு, சுமாராகப் பந்து போடுகிற பெண்ணுக்கு அந்தக் கதையில் என்ன இடம்? பி.டி. பீரியட் அவளுக்கானது அல்லவா?

மாசிமகத் தீர்த்தவாரிக்குத் திருக்கண்ணபுரம் பெருமாள் எங்கள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு வரும் நாளில், பெண்கள் கூட்டம் கூட்டமாக மணலில் நிற்போம். சாமி பார்க்க வந்தோம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மற்ற மாலைகளில் அங்கே பந்தடிக்கும் பையன்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

சென்ற பருவத்தில் அதே பாடலை நடத்திவிட்டு, கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து ஒருத்தி, "காரைக்கால் பஸ்ஸப் புடிக்க, மேம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அடைத்து வைப்பது அறம் அன்று என்று சொல்லும் தோழி பதக்கமோ பரிசோ பேசவில்லை. விளையாட விடாததே அவளுக்குக் குற்றம். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே வகுப்பில் சொல்வதிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.