பேட்டையில் ஒரு பழைய லெதர்மேன்

சிட்கோ தொழிற்பேட்டையும் அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிற ஊரிலிருந்துகொண்டு மல்டிடூலைப் புகழ்ந்து எழுதினால் சிரிப்பார்கள். திருநெல்வேலிப் பேட்டையில் தெருவுக்கு ஒரு பிட்டரோ டர்னரோ வெல்டரோ இருப்பார். அவர் வீட்டு அலமாரியில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். நட்டைப் பார்த்த மாத்திரத்தில் இதற்குப் பத்தா, பன்னிரண்டா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், ஒரே கருவியில் எல்லாம் இருக்கிறது பாருங்கள் என்று நீட்டினால், கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு "நல்லாருக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். அந்த "நல்லாருக்கு"க்கு என்ன பொருள் என்பதைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது லெதர்மேன் பி.எஸ்.டி. என்ற மாடலைப் பற்றி. பாக்கெட் சர்வைவல் டூல் என்று முழுப்பெயர். 1983இல் சந்தைக்கு வந்தது, 2004இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் இருப்பது மாமாவுடையது. சவூதியில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த காலத்தில் வாங்கியது. ஊரோடு வந்து தங்கியபின் அவருடைய மேஜை டிராயரில் வருஷக்கணக்காகக் கிடந்து, தோல் உறை மக்கிப்போய், கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. வீட்டில் எந்தச் சில்லறை வேலை வந்தாலும் முதலில் இதைத்தான் எடுப்பது, முடியாவிட்டால் மட்டுமே டூல் பெட்டியைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மடக்கி வைத்தால் 4 அங்குல நீளம். எடை ஏறக்குறைய 140 கிராம், சட்டைப் பையில் போட்டால் பை தொங்கிவிடும், இடுப்பு பெல்ட்டில்தான் மாட்ட வேண்டும். இரண்டு கைப்பிடிகளையும் விரித்தால் நடுவிலிருந்து நோஸ் பிளேயர் வெளியே வரும். அதன் அடிப்பக்கம் கம்பி வெட்டுகிற வாய். கைப்பிடிகளின் உள்ளே கத்தி, அரம், குத்தூசி, மூன்று அளவில் பட்டைத் திருப்புளி, ஒரு ஸ்டார், டின்னும் பாட்டிலும் திறக்கிற ஓப்பனர். முழுக்க விரித்தால் கைப்பிடி ஓரத்தில் 8 அங்குல அளவுகோலும் கிடைக்கிறது. எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிளாஸ்டிக், ரப்பர் என்று ஒரு துண்டுகூடக் கிடையாது. இது அழகு, இதுவே ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

இது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இதன் குணம் விளங்கிவிடும். அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தைச் சேர்ந்த டிம் லெதர்மேன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். 1975இல் மனைவியோடு ஒரு பழைய பியட் 600 காரில் ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் பண்ணியது. தங்கிய மலிவு ஓட்டல்களில் குழாய் ஒழுகியது. கையிலிருந்ததோ ஒரு சாரணர் கத்தி. கத்தி இருக்கிறது, திருப்புளி இருக்கிறது, பிடித்து இழுக்க ஒரு பிளேயர் இல்லையே என்று தோன்ற, டெஹ்ரானில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அட்டையை வெட்டி முதல் மாதிரியைச் செய்தார். ஊருக்குத் திரும்பி, கராஜில் சில வருஷம் ராவி ராவிக் கருவியாக்கி, 1980இல் காப்புரிமை வாங்கினார். கத்திக் கம்பெனிகள் இது கத்தி இல்லை என்றன, டூல் கம்பெனிகள் இது டூல் இல்லை என்றன. கல்லூரி நண்பர் ஸ்டீவ் பெர்லினரோடு சேர்ந்து தாமே கம்பெனி தொடங்கினார். முதல் வருஷம் 4,000 விற்றால் போதும் என்று நினைத்தார்கள், ஏறக்குறைய 30,000 போனது.

ஆக, பட்டறையில் நிற்கிற தொழிலாளிக்காக இது செய்யப்படவில்லை. பட்டறையே இல்லாத இடத்தில், ஓடாத காரோடு மாட்டிக்கொண்ட ஒரு சுற்றுலாக்காரர் தனக்காகச் செய்துகொண்டது. சுவிஸ் கத்திக்கும் இதே மாதிரி ஒரு பின்னணி உண்டு. 1890களின் தொடக்கத்தில் சுவிஸ் ராணுவம் அதைக் கேட்டதே, சிப்பாய் தகர டப்பாவைத் திறக்கவும், புதிதாக வந்த துப்பாக்கியைக் கழற்றவும் ஒரு கருவி வேண்டும் என்பதால்தான். தொழில் தெரிந்தவர்கள் கருவிகளை ஒன்றாகச் சேர்க்கமாட்டார்கள். பாளை சீவுகிற அரிவாளால் பனையேறி மட்டை வெட்டுவாரா? நம் ஊரிலும் சேர்த்துக் கோத்த கருவி ஒன்று இருந்தது: முள்வாங்கியும் காதுக்குறும்பி எடுக்கிற கரண்டியும் முள்ளைக் கிண்டுகிற ஊசியும் ஒரே வளையத்தில். பழைய ஆட்கள் அரைஞாண் கயிற்றில் மாட்டியிருப்பார்கள். ஆனால் அது தொழில் கருவி இல்லை, வழிநடைக்காரனின் கருவி.

முள் என்றதும் சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் பி.எஸ்.டி. தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது உடைமுள்ளில்தான். பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி ரோட்டில் கொஞ்சம் ஒதுங்கி வண்டியை நிறுத்தினால் போதும், சீமை உடை ஏதாவது ஒரு டயரைப் பார்த்துக்கொள்ளும். செருப்பு அடியில் ஏறி ஒடிந்த முள்ளை விரலால் பிடிக்க முடியாது, கட்டிங் பிளேயரின் மொட்டை மூக்குக்கும் சிக்காது. இதன் மூக்கு நுனி நன்றாகச் சேர்கிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. ட்யூப் உள்ள டயரில் முள் மேலோடு நிற்கிறதென்றால் அங்கேயே பிடுங்கிவிடலாம், ஓட்டினால் உள்ளே ஏறும். ட்யூப்லெஸ் என்றால் பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பாக நின்று காற்றைப் பிடித்துவைத்திருக்கும். பஞ்சர் கடை வாசலில் போய்ப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது கம்பி வேலை. மாடியில் துணி காயப்போடும் ஜி.ஐ. கம்பி தளர்ந்தால் முறுக்கிக் கட்டுவது, சென்ட்ரிங் வேலை முடிந்து மிஞ்சிய கட்டுக்கம்பியால் வேலிப் படலை இறுக்குவது, தண்ணீர்த் தொட்டி மூடியைக் காற்றுக்குப் பறக்காமல் கட்டுவது எல்லாம் இதற்குச் சர்வசாதாரணம். நீள மூக்கு இருப்பதால் முறுக்கிய நுனியை உள்பக்கம் மடித்துவிட முடிகிறது, வேட்டி மாட்டிக் கிழியாது. பைக் கிளட்ச் கேபிளையும் வெட்டிப் பார்த்தேன். வெட்டும், ஆனால் இழை பிரிந்துவிடும். அதற்கு மெக்கானிக்கிடம் இருக்கிற கட்டர்தான் சரி.

வீட்டுக்குள் இதை அதிகம் கேட்பது அம்மா. குக்கர் கைப்பிடி ஸ்க்ரூ வாரம் தவறாமல் தளரும். ஸ்டார் முனை தடிமனாக, நல்ல ஆழமாக இருப்பதால் ஸ்க்ரூ தலை தேயாமல் பிடித்துக்கொள்கிறது. பல புதிய மல்டிடூல்களில் ஸ்டார் முனையைத் தட்டையாகச் செதுக்கிவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் பழசு ஜெயிக்கிறது. 15 கிலோ எண்ணெய் டின்னில் ஓட்டை போடவும் ஓப்பனர் உதவுகிறது. எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டை போட்டால் எண்ணெய் குபுகுபுவென்று வராமல் சீராக விழும். கல்யாண வீட்டில் கலர் பாட்டில் திறக்கவும் இதைக் கேட்டு ஆள் வருகிறது. கத்தி வாழையிலை அறுக்கப் போதும், தார் வெட்ட முடியாது. வாழைக்கறை பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கறுக்கும்.

இனி குறைகள். தெருவில் ஓய்வுபெற்ற பிட்டர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொடுத்து, மோட்டார் பவுண்டேஷன் நட்டைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். இரண்டு கைப்பிடியையும் சேர்த்து ஒரு தரம் அழுத்தினார், உடனே கையை உதறினார். "ஏ தம்பி, நட்டு மூலை தேஞ்சா வேற நட்டு வாங்கிரலாம். இது உள்ளங்கைய அறுக்குல்லா?" என்றார். உண்மைதான். கைப்பிடி தகட்டை மடித்துச் செய்தது, விளிம்பு வெறும் விளிம்பாகவே இருக்கிறது. பலமாக அழுத்தினால் உள்ளங்கையில் கோடு விழும். உலகம் முழுவதும் இதைப் பயன்படுத்தியவர்கள் சொன்ன குறை இது, பின்னால் வந்த மாடல்களில் விளிம்பை உருட்டிவிட்டார்கள். பிளேயரால் நட்டைக் கழற்றுவதே தப்பு என்று அண்ணாச்சி தனியாக ஒரு வகுப்பு எடுத்தார், அதை இங்கே எழுதவில்லை.

இரண்டாவது, எல்லாக் கருவியும் உள்பக்கமாக மடங்கியிருப்பது. கத்தி வேண்டுமென்றால் முதலில் பிளேயரை விரிக்க வேண்டும், நகத்தால் கத்தியை இழுக்க வேண்டும், பிறகு கைப்பிடியை மறுபடி மூட வேண்டும். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் கூடவே எழுந்து வரும். ஒரு கையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு செய்கிற காரியமில்லை. 1998இல் வந்த வேவ் மாடலில் கத்தியை வெளிப்பக்கம் கொண்டுவந்து, ஒரே கையால் திறக்கவும், திறந்தபின் பூட்டிக்கொள்ளவும் வழி செய்தார்கள். பி.எஸ்.டி.யில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் பிடிப்பு மட்டுமே. கத்தியின் முதுகுப்பக்கம் அழுத்தம் போனால் விரல்மேல் மடங்கும். சின்னப் பையன்கள் கையில் கொடுக்கவே கூடாது.

மூன்றாவதுதான் பெரியது, மின்சாரம். முழுக்க உலோகம் என்று சொன்னேனே. நம் வீட்டில் ஓடுவது 230 வோல்ட். சுவிட்ச் போர்டைத் திறக்க இதன் திருப்புளி ஆசை காட்டும், மர போர்டு வைத்த பழைய வீடுகளில் ஸ்க்ரூ எல்லாம் பட்டைத் தலைதான், அளவும் பொருந்தும். மெயினை அணைக்காமல் தொடாதீர்கள். அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். வயர் வேலை அடிக்கடி உண்டென்றால் உறை போட்ட கைப்பிடியுள்ள ஒரு தபாரியா கட்டிங் பிளேயரும் ஒரு டெஸ்டரும் போதும், இது வேண்டாம். டெஸ்டரும் ஒரு மல்டிடூல்தானே. திருப்புளியும் விளக்கும் ஒன்றாகச் சேர்ந்தது, இந்தியாவில் இல்லாத வீடு குறைவு, யாரும் அதற்கு விமர்சனம் எழுதுவதில்லை.

காலம் மாறியதும் இதில் தெரிகிறது. இது செய்யப்பட்டபோது உலகத்தில் பட்டைத் தலையும் ஸ்டாரும்தான் பெரும்பாலும் ஸ்க்ரூ. இன்றைய பைக்கில் பாதி ஆலன் போல்ட், ரிமோட்டும் சார்ஜரும் முக்கோணத் தலை, ஆறுமுனை நட்சத்திரத் தலை என்று என்னென்னவோ வைத்து வருகின்றன. அங்கே இது வெறும் கையோடு நிற்கிறது. குத்தூசியில் நூல் கோக்கக் காது இல்லாததால் சாக்குத் தைக்க முடியாது, பத்து ரூபாய் கோணி ஊசி அதைவிட மேல். அரை அங்குலக் குழாயின் நட்டைப் பிடிக்கவும் லாயக்கில்லை, ஸ்பேனர்தான் வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் இதை ஏன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிகிறேன்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, கடை இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிட போனில் சிக்னலும் இல்லை. டூல் பெட்டி மாடிப்படிக்கு அடியில், இருட்டில், ஈரத்தில். தார்ப்பாயைக் கம்பியால் கட்டியது, சாக்கடைச் சல்லடையில் மாட்டிய துணியைப் பிடுங்கியது, சமைக்க எண்ணெய் டின்னைத் திறந்தது எல்லாம் இதுதான். எதையும் பிரமாதமாகச் செய்யவில்லை. கையில் இருந்தது, அவ்வளவுதான். பேட்டை வேறு பேட்டையாக இருந்த அந்த நாட்களில் டெஹ்ரான் ஓட்டலில் அட்டை வெட்டிய மனுஷனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று புரிந்தது. மற்ற நாட்களில் இது தொழில் தெரியாத வீட்டுக்காரனின் கருவி, அதாவது என்னுடையது.

பராமரிப்பு சுலபம். திருச்செந்தூர் போய்வந்தால் உப்புக்காற்று மூட்டுகளில் பழுப்பாக ஏறும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள், மெல்லிய அலகு சூடேறிப் பதம் போய்விடும், கல்லில் தேய்ப்பதே நல்லது. வாகைகுளத்தில் விமானம் ஏறுகிறவர்கள் இதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

புதிதாகக் கிடைக்காது. பொருட்காட்சியில் குவித்து விற்கிற நகல்கள் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், மூக்கு நுனி சேராது, கம்பியை முறுக்கினால் திருகிக்கொள்ளும். வளைகுடாவிலிருந்து திரும்பிய யாராவது வீட்டு டிராயரில் பழசு கிடைத்தால் வாங்கலாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நுனி சேர்கிறதா பாருங்கள். கைப்பிடிகளை விரித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். கத்தி பாதியாகத் தேய்ந்திருந்தால் சாணைக்குப் போய் வந்தது. கம்பி வெட்டுகிற வாயில் அரைவட்டமாக ஒரு கருகல் இருந்தால் முன்பு வைத்திருந்தவர் கரண்ட் ஓடுகிற வயரை வெட்டியிருக்கிறார், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். என்னுடையதிலும் அப்படி ஒரு கருகல் உண்டு. மாமாவைக் கேட்டால், "அதெல்லாம் ரியாத்தோட போச்சுலே" என்கிறார்.