தைத்துச் சேர்த்த துடிப்பு

வரிக்குதிரை மீனின் கரு ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. கருவுற்ற ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். கத்தி வைக்காமலே அதை வெளியிலிருந்து பார்க்கலாம். முதல் சில நாள்கள் ஆக்சிஜன் சுற்றியுள்ள நீரிலிருந்து நேரே உடலுக்குள் ஊறிவிடுவதால், இதயமே துடிக்காத கருகூட உயிரோடிருக்கும். பாலூட்டியாக இருந்தால் கருப்பையிலேயே மடிந்துபோகச் செய்யும் குறைகளை இதில் நிதானமாக ஆராயலாம்.

2004இல் யான் ஹூயிஸ்கெனும் அவருடைய ஹைடல்பெர்க் குழுவினரும் வெளியிட்ட ஒளித்தகடு நுண்ணோக்கி இத்தகைய கரு ஆய்வின் போக்கையே மாற்றியது. பக்கவாட்டிலிருந்து மெல்லிய தகடாக ஒளியைப் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தாகக் கேமராவை வைப்பது இதன் முறை. எந்தத் தளத்தைப் பார்க்கிறோமோ அது மட்டுமே ஒளிர்வதால், மற்றத் திசுக்கள் வீணாக வாட்டப்படுவதில்லை. இந்த நன்மையில் எனக்கு மறுப்பே இல்லை.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. மீன் கருவின் இதயம் வினாடிக்கு இரண்டு, மூன்று முறை துடிக்கிறது. ஒரு தளத்தைப் படமெடுத்து அடுத்ததற்குப் போவதற்குள் சுவர் இடம் மாறிவிடும். 2005இல் கால்டெக்கில் மைக்கேல் லீப்லிங்கும் ஸ்காட் ஃபிரேசரின் குழுவினரும் ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு தளத்தையும் சில துடிப்புகளுக்குத் தொடர்ந்து படமெடுத்து, பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குப் பொருத்துவது. முப்பரிமாணத்தில் அழகாகச் சுருங்கி விரியும் இதயப் படங்கள் பலவும் இப்படி உருவானவையே.

ஆக, நாம் பார்ப்பது பல துடிப்புகளிலிருந்து வெட்டித் தைத்த ஒன்று. அந்தத் துடிப்பு எந்தக் கணத்திலும் நிகழவில்லை. ஒவ்வொரு துடிப்பும் முந்தியதைப் போலவே இருக்கும் என்ற அனுமானம் நலமான இதயத்தில் பெரும்பாலும் பலிக்கும். ‘பிரேக்டான்ஸ்’ என்ற பிறழ்வு மீனில் மேலறை இருமுறை துடித்தால் கீழறை ஒருமுறைதான் துடிக்கும். அதுவும் ஓர் ஒழுங்குதான் என்பதால் சமாளிக்கலாம். நினைத்தபோது துடிப்பைத் தவறவிடும் இதயத்தில் இந்த முறை கைவிட்டுவிடும். மருத்துவர்கள் அறிய விரும்புவதோ அதைத்தான்.

இதைவிடப் பெரிய இழப்பு இரத்த ஓட்டம். சுவர் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும், சிவப்பணு வராது. தைத்த படத்தில் அணுக்களின் உண்மையான பாதையைத் தேடுவது வீண். 2003இல், அதே கால்டெக்கில், நுண்மணிகளால் இரத்த ஓட்டத்தை அடைத்துப் பார்த்தபோது இதயம் கோணலாக வளர்ந்தது. இதயத்தைச் செதுக்குவதில் பங்கு கொண்ட அந்த ஓட்டமே படத்திலிருந்து நழுவுகிறது.

மயக்க மருந்தின் கதை தனி. மீனை அசையாமல் நிறுத்த டிரைக்கேயின் கொடுப்பது வழக்கம்; அளவு கூடினால் இதயமும் மந்தமாகும். பிறகு எடுக்கும் துடிப்புக் கணக்கு மீனுடையதா, மருந்துடையதா?

2019இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஹில்மனின் குழு, வினாடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முழுக் கனப்படங்களை எடுத்துக் காட்டியது. இதில் தையல் வேண்டாம். ஒழுங்கற்ற துடிப்பும் அகப்படும். ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைவு, நுணுக்கமும் குறையும். செல்லின் விளிம்பு வேண்டுமானால் பழைய முறையே மேல்.

என் எதிர்பார்ப்பு சிறியது. தைத்த படத்தை வெளியிடுவோர், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறியது, பொருந்தாமல் ஒதுக்கியவை எத்தனை என்பதையும் படத்தின் கீழேயே தரட்டும். மென்பொருளிடம் அந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன.