வெயிலைக் குடித்துப் பூக்கும் அடினியம்

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. ரோஜா தலை தொங்கிவிடும், செம்பருத்தி மொட்டுகளை உதிர்த்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் அடினியம் இலையே தெரியாமல் பூத்துக் குலுங்கும். சிவப்பு, ரோஸ், வெள்ளை, கரும்சிவப்பு, ஓரம் மட்டும் சாயம் தோய்த்த மாதிரி இன்னொன்று. அடடா, பார்க்கப் பார்க்க அலுக்காது!

ஆனால் என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது பூ அல்ல, அடித்தண்டு. வளர்ப்பவர்கள் அதைக் 'காடெக்ஸ்' என்பார்கள். தண்ணீரைச் சேமித்துச் சேமித்து யானைப் பாதம்போல உப்பிக் கிடக்கும். ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் செடியை ஒரு விரற்கடை உயர்த்தி நட்டால், மண்ணுக்குள் பருத்த வேர்களும் வெளியே வந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் "போன்சாயா?" என்று கேட்கிறார்கள். இல்லவே இல்லை, இதன் பிறவி அழகே அதுதான்.

தென் அரேபியாவும் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களும் இதன் தாயகம். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான ஃபோர்ஸ்கால் ஏமனுக்குப் போய்த் தாவரங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தபோதே, 1763இல் மலேரியாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் 1775இல்தான் நூலாக வந்தன. அடினியமும் அதில் இருக்கிறது. சொகோத்ரா தீவில் இதே இனம் மரமாகவே பாறை இடுக்குகளில் நிற்குமாம். ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும்!

விதை போடுவதில்தான் உண்மையான குதூகலம். காய்கள் இரட்டைக் கொம்பாக வரும். முற்றும் முன்பே நூலால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். விட்டால் வெடித்து, இரு முனையிலும் பட்டுக் குஞ்சம் வைத்த விதைகள் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துவிடும். புது விதையை ஈர மணலில் படுக்க வைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். தாய்ச்செடியின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது. முதல் மொட்டு விரியும் வரை தூக்கம் வராது. அடுக்குப் பூ வகைகள் வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும்.

கவனிப்பு கொஞ்சம்தான். மணலும் செங்கல் துண்டுகளும் தாராளமாகக் கலந்த மண், நாள் முழுக்க வெயில், மண் காய்ந்த பிறகே தண்ணீர். எதிரி வெயிலல்ல, ஐப்பசி அடைமழை! தொட்டியில் நீர் தேங்கினால் காடெக்ஸ் அழுகும். மழைக்காலத்தில் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். அரளிக் குடும்பம் என்பதால் பாலில் நஞ்சு உண்டு. ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்புமுனையில் தடவியது இதைத்தான். கவாத்து செய்தால் கையை நன்றாகக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இலையைத் தின்ன, நீலக் கண் வரைந்த கொழுத்த பச்சைப் புழு வரும். அதை நான் கொல்வதில்லை. தெருமுனை அரளியில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். அது பிறகு அருமையான பச்சை அந்துப்பூச்சியாகும்.

மாடியில் ஓர் ஓரம் வெயில் விழுந்தாலும் போதும், ஒன்று வாங்கிவிடுங்கள். நர்சரியில் பூவைப் பார்த்து மயங்காதீர்கள். அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.