ஓடைக்குள் 1950

1998-ல் பிஎன்ஏஎஸ் இதழில் ஹார்டிங்கும் இன்னும் நாலு பேரும் எழுதிய கட்டுரை ஒன்று ஓடைச் சூழல் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும். பழைய நிலப் பயன்பாடு பேயாக ஓடையைப் பிடித்திருக்கிறது என்பதுபோலத் தலைப்பு.

அமெரிக்காவில் வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதி. அங்கே ஒருகாலத்தில் விவசாயம் நடந்த நிலங்களில் சில மறுபடி காடாகிவிட்டன. 24 ஓடைகளில் பூச்சிகளையும் மீன்களையும் எண்ணிப் பார்த்தார்கள். 1990களின் நிலப் பயன்பாட்டோடு எண்ணிக்கை சரியாகப் பொருந்தவில்லை. 1950களில் அந்த நீர்ப்பிடிப்பு முழுதும் எப்படி இருந்ததோ, அதோடு நன்றாகப் பொருந்தியது. கரையில் மரம் வந்தாச்சு, தண்ணிக்குள்ளே இன்னும் வயல்காட்டு ஓடைதான்.

காரணம் ஊகிக்கக் கூடியதே. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்றவற்றின் இளம்பூச்சிகள் கூழாங்கல் இடுக்குகளில் வாழ்பவை. உழுத மண் மழையில் கரைந்து வந்து இடுக்கை அடைத்தால் இருக்க இடமும் போச்சு, ஆக்சிஜனும் போச்சு. சேற்றுப் புழுக்களுக்குக் கொண்டாட்டம். கரையில் மரம் வளர்ந்தால் புது மண் வரத்து குறையும். ஏற்கெனவே படிந்ததை யார் எடுப்பது? பக்-ஐ சரிசெய்த பிறகும் டேட்டாபேஸில் பழைய தப்பு டேட்டா கிடக்குமே, அந்த மாதிரி.

இதுவரை எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஒரே ஓடையை இரண்டு காலத்தில் பார்த்த ஆய்வு இல்லை இது. வெவ்வேறு வரலாறு கொண்ட ஓடைகளை ஒரே காலத்தில் ஒப்பிட்டது. மலையில் விவசாயி எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார்? சரிவு குறைந்த பள்ளத்தாக்கைத்தானே! அங்கே ஓடை மெதுவாகப் போகும், வண்டல் இயல்பாகவே படியும். அப்போ ஏர் இறங்கும் முன்பே அந்த ஓடைகளின் உயிரினங்கள் கொஞ்சம் வேறாக இருந்திருக்கலாம். இந்தப் பங்கைப் பிரித்தெடுக்க 24 ஓடைகள் போதுமா என்பது என் சந்தேகம். சுருக்கத்தில் ஆசிரியர்களும் நிதானமாக 'கூடும்' என்றுதான் எழுதுகிறார்கள். தலைப்பில்தான் அந்த நிதானம் இல்லை.

இதைப் படித்துவிட்டு 'கரையில் மரம் நட்டுப் பயனில்லை' என்று முடிவுகட்டுவது மோசம். கட்டுரை சொல்வது, கரையோரத் துண்டு மட்டும் போதாது, நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ காப்பாற்ற வேண்டியிருக்கும் என்பது. நிழலும் உதிர்ந்த இலையும் ஓடைக்கு இன்றைக்கே வேண்டும். ஆனால் நட்ட கன்றுகளை எண்ணி 'ஓடை மீண்டது' என்று அறிக்கை எழுதுகிறவர்கள், அதே ஓடையில் வருஷாவருஷம் நாலு கல்லைப் புரட்டி அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் எழுதட்டும்.