40 லக்ஸ் வெளிச்சமும் நறுக்கிய வாலும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பன்றி வளர்ப்பு விதிகள் 2008/120 என்ற உத்தரவில் இருக்கின்றன. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழக்கமான ஆவணம் மாதிரிதான் தெரியும்: சில வரிகளை டெஸ்ட் பண்ணலாம், சிலதைப் பண்ண முடியாது. என் விமர்சனமே அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

வெளிச்சம் பற்றிய வரி தெளிவு. நாளுக்குக் குறைந்தது 8 மணி நேரம், குறைந்தது 40 லக்ஸ். மீட்டரை நீட்டினா பாஸா ஃபெயிலான்னு தெரிஞ்சுடும். நல்ல விதிதான். கொட்டிலை இருட்டாக்கினால் பன்றிகள் அடங்கிக் கிடக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது கடிவாளம்.

ஆனா பன்றிக்கு என்ன வேணும்? 2006இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 2.4, 4, 40, 400 லக்ஸ் என்று நான்கு பகுதிகள் வைத்து, வளரும் பன்றிகளை இஷ்டத்துக்கு விட்டார்கள். அவை அதிக நேரம் இருந்தது 2.4 லக்ஸில், முக்கியமாகப் படுத்துத் தூங்க. இதுக்கு "பன்றிக்கு இருட்டு போதும்"னு அர்த்தம் இல்லை. நடமாட வெளிச்சம், படுக்க ஒரு மங்கலான மூலை, இரண்டும் வேணும். படுக்கிற இடத்தையும் கழிக்கிற இடத்தையும் தானே பிரித்துக்கொள்ளும் விலங்கு அது. விதியோ ஒரே ஒரு எண்ணோட நின்னுடுது.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். கிளறுவதற்கு வைக்கோல், மரத்தூள், மரக்கட்டை மாதிரி ஏதாவது "போதுமான அளவு" எப்போதும் இருக்கணுமாம். எவ்வளவு? எண் கிடையாது. அதனால ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு முடிச்சுடுற பண்ணைகள் ஏராளம். சங்கிலி சலித்ததும் குட்டியின் வாய் பக்கத்துக் குட்டியின் வாலுக்குப் போகும். ரத்தம் வந்தால் மற்றதுகளும் சேரும். இதுக்குப் பண்ணைகளின் பதில், பிறந்த சில நாளிலேயே வாலை நறுக்குவது. வழக்கமாக நறுக்கக் கூடாது, முதலில் சூழலை மாற்று என்று அதே உத்தரவு சொல்கிறது. நடப்பது நேர்மாறு.

ஏன் வைக்கோல் போடுறதில்லை? தரைதான் காரணம். முழுக்க இடைவெளி விட்ட கான்கிரீட் தரையில் வைக்கோல் கீழே விழுந்து கழிவுக் குழாயை அடைக்கும். ஆக, கொட்டிலின் தரையை வடிவமைத்த அன்றே வாலின் கதி முடிவாகிவிட்டது. ஸ்வீடனில் முழு இடைவெளித் தரைக்கும் தடை, வால் நறுக்கலுக்கும் தடை, வைக்கோல் போடுகிறார்கள். தரையை மாற்றாமல் நறுக்கலை மட்டும் தடை செய்தால் கடிபடுவது குட்டிகள்தான்.

எதை அளக்கிறோம் என்பதில் இன்னொரு எச்சரிக்கை. 1989இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டின் தன் முனைவர் ஆய்வில் குட்டிகளின் மூளையைப் பார்த்தார். வைக்கோலும் விளையாட்டுப் பொருளும் உள்ள கொட்டிலில்தான் நரம்புக் கிளைகள் அதிகம் வளரும் என்பது எதிர்பார்ப்பு. மூக்கின் உணர்வுக்கான பகுதியில் கிடைத்ததோ எதிர் முடிவு: வெறும் கொட்டில் குட்டிகளுக்குத்தான் அதிகம். செய்ய ஒன்றுமில்லாமல் ஒன்றையொன்று ஓயாமல் முட்டிக் கிளறியதுதான் காரணம் என்று அவர் விளக்கினார். எண் கூடினா நிலைமை நல்லதுன்னு ஆகிடாது.

அப்போ எதைத்தான் அளக்கலாம்? முழு வாலை. ஆய்வாளர் லக்ஸ் மீட்டரோடு வரட்டும், கூடவே எத்தனை குட்டிகள் நறுக்காத, கடிபடாத வாலோடு வளர்ந்திருக்குன்னு எண்ணட்டும். வெளிச்சம், தரை, இடம், வைக்கோல் எல்லாம் சரியா இருந்தால்தான் அந்த எண் தேறும்.