விவாதமின்றி நிறைவேறும் பட்டியல்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி அட்லாண்டிக் கரையில் இருக்கிறது கரிட்டக் கவுண்டி. 2020 கணக்கெடுப்பின்படி 28,100 பேர் வாழும் இந்தப் பகுதியில் நகராட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது. ஷெரிப் அலுவலகத்துக்கான பணம், ஆம்புலன்ஸ், குப்பை, மனைப்பிரிவு அனுமதி, பள்ளிகளுக்கான உள்ளூர் நிதி என எதற்கும் மக்கள் போய் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான்: வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த ஏழு கமிஷனர்கள் அடங்கிய குழு. அந்தக் குழுவின் கூட்டத்தில் ‘கன்சென்ட் அஜெண்டா’ என்றொரு பகுதி உண்டு. முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, உபரிப் பொருள்களைக் கழிப்பது, சாலை மனுக்கள், பட்ஜெட் திருத்தங்கள் போன்றவை ஒரே கட்டாகச் சேர்க்கப்பட்டு, விவாதமின்றி, ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். வேறு பல கவுண்டிகளிலும் நகரங்களிலும் நடைமுறையில் இருக்கும் வழக்கம்தான் இது. வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். பட்ஜெட் திருத்தங்கள் அந்தக் கட்டுக்குள் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆதரிப்பதற்கான காரணம் வலுவானது. சாலை மனுவையே எடுத்துக்கொள்வோம். வட கரோலினாவில் கவுண்டிகள் சாலைகளைப் பராமரிப்பதில்லை. 1931 முதல் அது மாநில அரசின் பொறுப்பு. ஒரு மனைப்பிரிவில் தனியார் போட்ட சாலையை மாநிலம் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், கவுண்டிக் குழு ஒரு தீர்மானம் போட்டு மாநிலப் போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாலையின் தரத்தைச் சோதித்து முடிவெடுப்பது அந்தத் துறை. கமிஷனர்கள் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாலும் ஒரு கல் இடம் மாறப்போவதில்லை. நடவடிக்கைக் குறிப்பும் அப்படித்தான். நடந்து முடிந்ததைப் பதிவுசெய்கிறது. இவற்றை ஒரே மூச்சில் முடித்தால், மிச்சமாகும் நேரம் நில வகை மாற்றம் குறித்த பொது விசாரணைக்குப் போகும். 2010இல் 23,547 ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிய கவுண்டி இது. வர்ஜீனியாவின் நகரங்களில் வேலை பார்ப்பவர்கள் கவுண்டியின் மோயாக் பகுதியில் குடியேறியபடி இருக்கிறார்கள். சோளம் விளைந்த வயலில் எத்தனை வீடுகள் வரலாம், மழைநீர் எங்கே வடியும் என்ற கேள்விகளோடு அண்டை வீட்டார் கூட்டத்துக்கு வருகிறார்கள். குழுவின் கவனம் அவர்களுக்கு உரியது.

பட்ஜெட் திருத்தம் இந்த வகையைச் சேர்ந்ததே இல்லை. வட கரோலினாவின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முன் பட்ஜெட்டைக் குழுவிடம் வைத்து, பத்து நாளாவது விட்டு, பொது விசாரணை நடத்திய பிறகே நிறைவேற்ற முடியும். ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் வந்து, இந்த வரிக்கு இந்தச் செலவா என்று கேட்கும் வாய்ப்பு அது. நிறைவேறிய பிறகு வரி விகிதத்தில் கைவைக்க அநேகமாக முடியாது. ஆனால் பணம் எங்கே போகிறது என்பதை ஆண்டு முழுவதும் மாற்றலாம். மாநிலச் சட்டத்தொகுப்பின் 159-17 பிரிவின்படி, திருத்தத்துக்கு முன்கூட்டிய விளம்பரம் வேண்டாம். பொது விசாரணை வேண்டாம். எந்தக் கூட்டத்திலும், வந்து வாக்களிக்கும் கமிஷனர்களின் சாதாரணப் பெரும்பான்மை போதும். மற்ற பல உள்ளூர்ச் சட்டங்களுக்கோ, அறிமுகமாகும் கூட்டத்திலேயே நிறைவேற வேண்டுமானால் குழு உறுப்பினர் அனைவரும் சம்மதிக்க வேண்டும் என்ற தடை இருக்கிறது. பட்ஜெட்டுக்கு அதிலிருந்தும் விலக்கு. புயலடிக்கும் கரையோரத்தில் அவசரச் செலவு காத்திருக்காது என்பதால் இந்தச் சலுகைகள் தேவைதான். ஆனால் எல்லா வேலியையும் சட்டமே எடுத்துவிட்ட பிறகு எஞ்சி நிற்பது ஒரே ஒரு வேலி: திறந்த கூட்டத்தில், அந்தத் தொகையைப் பெயர் சொல்லிக் கேட்டு, கமிஷனர்கள் வாக்களிப்பது. ஒட்டுமொத்தப் பட்டியலில் திருத்தத்தைச் சேர்க்கும்போது அந்தக் கடைசி வேலியும் போய்விடுகிறது.

மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டம் இந்த ஆபத்தை ஓரளவு முன்பே கண்டிருக்கிறது. வந்திருப்பவர்களுக்குப் புரியக் கூடாது என்ற நோக்கத்தோடு, வெறும் எண்ணையோ எழுத்தையோ குறிப்பிட்டு முடிவெடுப்பதை அது தடுக்கிறது. அஜெண்டாவைச் சுட்டிப் பேசலாம். ஆனால் எதைப் பற்றிய முடிவு என்று பொதுமக்கள் புரிந்துகொள்ளும் அளவுக்கு அதன் வாசகம் இருக்க வேண்டும், அதன் படி கூட்டத்தில் கிடைக்க வேண்டும். நல்ல விதி. குறையும் அதிலேயே இருக்கிறது: படி ‘கூட்டத்தில்’ கிடைத்தால் போதும். சிறப்புக் கூட்டம் என்றால் 48 மணி நேரம் முன்பே நோக்கத்தைச் சொல்லி அறிவிக்கக் கோரும் சட்டம், வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை முன்கூட்டி வெளியிடும்படி கேட்கவில்லை. பல கவுண்டிகள் தாமாகவே இணையத்தில் போடுகின்றன. அது பாராட்டத்தக்க பழக்கம், உரிமை என்று சொல்ல முடியாது. அப்படி வெளியாகும் திருத்தமும் கணக்குக் குறியீடு, பற்று, வரவு, கூடவே ஒரு வரி விளக்கம் என்ற அளவில் நின்றால், கணக்காளர் அல்லாதவருக்கு அதில் தெரிவது குறைவு.

ஏதாவது ஒரு கமிஷனர் கேட்டால் போதும், எந்தப் பொருளையும் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக விவாதிக்கலாமே என்பார்கள். இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் முதன்மையான சமாதானம் இதுதான். மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரசாட்சிப் பள்ளி கவுண்டிகளுக்குப் பரிந்துரைத்த மாதிரி விதிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் இந்த உரிமை உறுப்பினருக்கு மட்டுமே. வரி கட்டுபவருக்குக் கிடையாது. சிறிய ஊரில் அதைப் பயன்படுத்துவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. நிதி அலுவலரும் கமிஷனரும் ஒரே தேவாலயத்தில், ஒரே கடையில் சந்திப்பவர்கள். ஒரு திருத்தத்தை வெளியே எடுப்பது கேள்வியாகத் தெரியாமல் குற்றச்சாட்டாகத் தெரியும். அதனால் நல்லவர்கள்கூட வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார்கள். கேட்பது விதிவிலக்காக இருக்கும்வரை இந்தத் தயக்கம் நீங்காது. கேட்பதே விதியானால் யாரும் புண்பட மாட்டார்கள்.

புவியியலும் சேர்ந்துகொள்கிறது. கவுண்டியின் சுற்றுலா வருமானம் பெரும்பாலும் கொராலா கடற்கரையின் வாடகை வீடுகளிலிருந்து வருகிறது. நிர்வாகமோ கரிட்டக் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில். நடுவே திட்டமிட்ட பாலம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருப்பதால், கொராலாவாசி தெற்கே அடுத்த கவுண்டிவரை ஓட்டிப் போய், அங்குள்ள பாலத்தைக் கடந்து, மறுபடி வடக்கே வர வேண்டும். கடற்கரை வீட்டு உரிமையாளர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு அங்கே வாக்கும் இல்லை. தங்குமிட வரியைக் கவுண்டி செலவிடும் முறையை எதிர்த்து 2019இல் கொராலாத் தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். பணம் எங்கே போகிறது என்பதில்தான் இந்தக் கவுண்டியின் ஆழமான பிணக்கு இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. பிணக்குள்ள இடத்தில் விவாதமில்லாத பட்டியல் பொருந்தாது.

திருத்தங்களில் பெரும்பாலானவை சில்லறைதானே என்ற ஆட்சேபம் இன்னும் நியாயமானது. காப்பீட்டுத் தொகை வந்தது, மாநில மானியம் வந்தது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும், உண்மைதான். ஆனால் சில்லறைக்குச் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. 159-15 பிரிவின்படி, ஒரே நிதிக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் அதிகாரத்தைக் குழு வரம்பு கட்டி பட்ஜெட் அலுவலரிடம் கொடுக்கலாம். அவர் அடுத்த வழக்கமான கூட்டத்தில் அறிக்கை தர வேண்டும், அது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். இந்த வழியைச் சரியாகப் பயன்படுத்தினால் குழுவிடம் வரும் திருத்தங்களின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றின் கனமும் கூடும். வெளியிலிருந்து வந்து அதே வேலைக்குப் போகும் மானியம் பட்டியலிலேயே இருக்கட்டும். கவுண்டியின் சேமிப்பு இருப்பிலிருந்து எடுப்பதும், ஒரு நோக்கத்துக்கு ஒதுக்கியதை வேறொன்றுக்குத் திருப்புவதும்தான் வெளியே வர வேண்டியவை.

அவற்றுக்கு அதிக நேரம் பிடிக்காது. நிதி அலுவலர் எழுந்து தொகை எவ்வளவு, எங்கிருந்து வருகிறது, பட்ஜெட் போடும்போது ஏன் தெரியவில்லை என்ற மூன்றையும் சாதாரணப் பேச்சில் சொல்லட்டும். கமிஷனர்கள் தனித்தனியாக வாக்களிக்கட்டும். இதற்கு மாநிலச் சட்டமன்றம் எதையும் திருத்த வேண்டியதில்லை. குழுவின் சொந்த நடைமுறை விதியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். கரிட்டக்கும் அதன் கடலோர அண்டைக் கவுண்டிகளும் அடுத்த நிதியாண்டு தொடங்குமுன் அந்த வாக்கியத்தை எழுத வேண்டும்.