முதல் சந்தேகம் யாருடையது?

2020 மே 7. கேரளத்தின் கொல்லம் மாவட்டம் அஞ்சலில், பிறந்த வீட்டுக் கட்டிலில் 25 வயதுப் பெண் ஒருவர் பாம்பு கடித்து இறந்து கிடந்தார். அறையில் இருந்த நல்ல பாம்பை அடித்துப் புதைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் புகுந்த வீட்டில் அவரை விரியன் கடித்திருந்தது. அடுத்தடுத்து இரண்டு கடியா என்று பெற்றோர் புகாரோடு போய் நின்ற பிறகே வழக்கு திசை மாறியது.

அதன்பின் நடந்த விசாரணை இந்தியத் தடயவியலுக்கே பெருமை. புதைத்த பாம்பைத் தோண்டி உடற்கூறாய்வு செய்தார்கள். வனத்துறையின் அரிப்பா பயிற்சி மையத்தில் ஒரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, கையில் கோழிக்கறியைக் கட்டி, மேலே நாகத்தைப் போட்டார்கள். பாம்பு கடிக்காமல் நழுவிப் போனது. சீண்டிக் கடிக்க வைத்தபோது பல் தடங்களின் இடைவெளி 2 செ.மீ.கூட இல்லை, தலையை அழுத்திப் பிடித்துக் கடிக்க வைத்தபோது அது விரிந்தது. இறந்தவரின் கையில் இருந்தவையோ 2.3, 2.8 செ.மீ. பாம்பைக் கடிக்க வைத்துக் கொன்றதாக 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் பொம்மைச் சோதனை மட்டும் தனியாக நின்றிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சில முறை செய்து பார்த்த சோதனை அது. பிடிபட்டு மிரண்ட பாம்பு வேறு. கணவனுக்குப் பாம்பை விற்றவரின் வாக்குமூலமும், உடலில் தெரிந்த மயக்கம் தரும் மாத்திரையும் சேர்ந்ததால்தான் அந்த அளவுகளுக்குப் பலம் வந்தது. தீக்காயச் சாவிலும் இப்படித்தான். மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தால் தீப்பற்றியபோது உயிர் இருந்தது என்று தெரியும். பற்ற வைத்தது யார் என்று தெரியாது. இந்த எல்லையை மறந்தால் விபரீதம். டெக்சாஸில் 1991 வீட்டுத் தீயில் மூன்று குழந்தைகளை இழந்த கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்கு, கருகிய தரையின் தடங்களை வைத்துக் கொலைப்பழி சுமத்தினார்கள். 2004இல் தண்டனையும் நிறைவேறியது. அந்தத் தடங்களுக்கு அப்படிப் பொருள் கொள்ள அறிவியல் ஆதாரமே இல்லை என்று தீ ஆய்வு வல்லுநர்கள் பின்னர் எழுதினார்கள்.

எனக்குப் பெரிய கவலை ஆய்வகத்தைப் பற்றியது அல்ல, அதன் வாசலைப் பற்றியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் விபத்துச் சாவு அதே சட்டத்தின் 194ஆம் பிரிவில் பதிவாகிறது. அங்கே குற்றம் என்ற பேச்சே இன்னும் எழவில்லை. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண்ணுக்குச் சட்டம் தனிக் கவனம் தருகிறது. தற்கொலை அல்லாத சாவென்றால் அதுவும் சந்தேகம் எழுந்தாலோ உறவினர் கேட்டாலோதான்.

ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி வடக்குப்பட்டுப் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் ஒடிசாவிலோ ராமநாதபுரத்திலோ இருக்கிறார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று புருஷன் சொல்கிறான். அவர்கள் வண்டி பிடித்து வந்து சேர்வதற்குள் வீட்டுக்காரர் தரையைக் கழுவிவிட்டிருப்பார். அஞ்சல் பெற்றோர் கேட்ட கேள்வியை இங்கே கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்வியை அரசே கேட்க வேண்டும்: வீட்டுக்குள் நேரும் இயற்கைக்கு மாறான ஒவ்வொரு சாவிலும், யாரும் புகார் தராவிட்டாலும், அறையைக் கழுவும் முன் தடய அறிவியல் துறை ஆள் ஒருவர் வந்து படம் எடுத்து, அளந்து, குறித்து வைக்க வேண்டும்.